நாற்காலிக்கு அடியில்

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எடை பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு சரக்கு அலுவலக ஊழியர் பெட்டியை எடை மேடைக்கு உருட்டினார். பெட்டிக்குள் அப்பா இருந்தார். வண்டியின் சக்கரம் ஒன்று ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போக, ஊழியர் முழங்காலால் ஒரு முட்டு முட்டி அதை நேராக்கினார். அந்த முட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எண் எவ்வளவு வருகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அப்பா இங்கே நின்றிருந்தாலும் எட்டித்தான் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு, "தம்பி, மெஷின் தப்பா காட்டுதே" என்று ஒரு கதையும் ஆரம்பித்திருப்பார்.

"அப்படி உக்காருங்க. கையெழுத்துக்குக் கூப்பிடறேன்."

சுவரோரம் இரண்டு பழைய நாற்காலிகள் கிடந்தன. இரண்டுக்கும் சாம்பல் நிற ரெக்ஸின் உறை மாட்டி, அதில் யார் யாரோ பேனாவால் கிறுக்கியும் வைத்திருந்தார்கள். அவள் ஒன்றில் உட்கார்ந்தாள், அண்ணன் மற்றதில். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து அவள் எங்கேயும் ஒழுங்காக உட்காரவில்லை. இப்போது இடுப்பு தானாகப் பின்னால் போய்ச் சாய்ந்தது. அப்பாடா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அப்பாவுக்கு சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்துக் கொடுக்கும் கடை. கடையிலேயே வளர்ந்த பிள்ளைகள் இருவருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் கை இருக்கைக்கு அடியில் போய்விடும். கல்யாணம் பேசப் போன வீட்டில்கூட அண்ணன் சோபாவுக்கு அடியில் துழாவி, யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம்மில் விரலை விட்டுக்கொண்டு திருதிருவென்று முழித்திருக்கிறான். இப்போதும் இரண்டு பேர் கையும் அதனதன் இடத்துக்குப் போயிருந்தது. மனசு மட்டும் பெட்டிமேல் இருந்தது.

அண்ணனின் போன் அடித்தது. மாமா. அம்மாவின் தம்பி, ஊரில் இருந்துகொண்டு ஏற்பாடுகளைப் பார்க்கிறவர். அவர் போனில் பேசினால் ஸ்பீக்கர் போட வேண்டியதில்லை.

"மாப்ளே, குழி வெட்டற ஆள் வந்து நிக்கிறான். உங்கம்மா பக்கத்துல இடம் சும்மாதான் இருக்கு. அங்கயா, இல்ல அந்தக் கோடியிலயா? ஒரு வார்த்தை சொல்லு."

"கோடியிலயே இருக்கட்டும் மாமா."

"யோசிச்சு சொல்லுடா. வெட்டின குழியை நகர்த்த முடியாது."

"யோசிச்சுட்டேன்."

"நான் யோசிக்கலை" என்று அவள் குறுக்கே விழுந்தாள். "மாமா, கொஞ்சம் பொறுங்க. பிளேன் ஏறறதுக்குள்ள சொல்றோம்."

"ஏறிட்டா போனை அணைச்சிடுவீங்களேம்மா. அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. அவன் மண்வெட்டியோட நிக்கிறான்."

ஊழியர் கையெழுத்துக்குக் கூப்பிட்டார். அண்ணன் விரலில் எதையோ சுற்றி விளையாடிக்கொண்டிருந்தவன், பேனாவை வாங்குவதற்காக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

வெளியே வந்து பயணிகள் முனையத்துக்கு நடந்தார்கள். விமானத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. பெட்டியை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால் வந்த நேரம்.

"கோடியில போடறதுக்கு அவர் யாரு, வழிப்போக்கரா?" என்று அவள் கேட்டாள்.

"அம்மா படுக்கையில கிடந்தப்போ வழிப்போக்கர் மாதிரிதானே இருந்தார்?"

இதற்கு மேல் எப்போதுமே பேச்சு போகாது. இருபது வருஷத்துக்கு மேல் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா நோயில் விழுந்த அந்த மழைக்காலம் முழுவதும் அப்பா வீட்டில் இல்லை. வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போனவர், அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்தான் தோளில் பையோடு வாசலில் வந்து நின்றார். எங்கே போயிருந்தாய் என்று சொந்தக்காரர்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்கள். "ஏர்போர்ட்டுக்கு நாற்காலி தைக்கப் போனேன். பெரிய மனுஷங்க உக்கார்ற ரூமுக்கு" என்றார் அப்பா. ஒரு காண்டிராக்டர் துணியும் கட்டையும் கொடுத்து, ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு கொட்டகையில் உட்காரவைத்துத் தைக்கச் சொன்னாராம். மழையில் போன் வேலை செய்யவில்லையாம்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அப்பாவுக்குத் தெருவில் பெயரே கப்சா மாஸ்டர். ஆற்றில் முதலையின் முதுகில் சவாரி செய்தேன் என்பார், கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பேன் என்பார். ஏர்போர்ட் கதைக்கும் வருஷா வருஷம் வால் முளைத்தது. "என் நாற்காலியில உக்காந்த ஒரு பெரிய புள்ளி அசந்து தூங்கிப்போய் பிளேனையே விட்டுட்டாராம். காண்டிராக்டரே சொன்னார்" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அண்ணன் மட்டும் எழுந்து போய்விடுவான். அந்த மழைக்காலத்தில் அப்பா யாரோ ஒரு பெண் வீட்டில் இருந்தார் என்று எவனோ சொன்னதை அவன் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கோ எதையும் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை. பாதி நம்பினாள், மீதியை நினைக்காமல் விட்டாள்.

பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே வந்ததும், காபிக் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் நடுவில் லவுஞ்ச் என்று எழுதிய அந்தக் கதவு தெரிந்தது. பால்போன்ற கண்ணாடி. உள்ளே விளக்கு இருப்பது தெரியும், ஆள் இருப்பது தெரியாது.

"இதானே?" என்றாள்.

"எது?"

"போன வருஷம் அப்பா நின்னு சண்டை போட்ட இடம்."

போன வருஷம் அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, அப்பா இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாராம். "உள்ள என் நாற்காலி இருக்கும்மா, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று வரவேற்புப் பெண்ணிடம் கெஞ்சினாராம். பணம் கட்டினால் யாரும் போகலாம் என்று அந்தப் பெண் சொல்ல, அப்பா பையைத் தடவ, அண்ணன் மானம் போகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். இதை அண்ணன் ஒரு விதமாகச் சொன்னான், அப்பா ஒரு விதமாகச் சொன்னார். இரண்டிலும் கதவு மட்டும் ஒன்றுதான்.

"வா, போய்ப் பார்த்துடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? அவர் கீழ பெட்டியில இருக்கார், நாம மேல விருந்து சாப்பிடறதா?"

"யார் சாப்பிடப் போறா? நாற்காலி இருக்கான்னு பார்க்கணும். இருந்தா அம்மா பக்கத்துல. இல்லேன்னா நீ சொல்ற கோடி. நான் வாயே திறக்க மாட்டேன்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சிறு வயதில் பந்தயம் கட்டும்போது பார்த்த அதே பார்வை. "அப்புறம் பேச்சு மாறக் கூடாது" என்றான்.

இரண்டு பேருக்கும் அவள்தான் கார்டைத் தேய்த்தாள். கதவு சத்தமே போடாமல் திறந்தது.

உள்ளே இவ்வளவுதானா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தரையில் கால் வைத்தால் சத்தமே இல்லை. ஒரு ஓரத்தில் ரொட்டி, சூப், பழம், விரல் நீளக் கேக்குகள். கோட்டுப் போட்ட ஒருவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு பிஸ்கட்டுகளைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷங்க உக்கார்ற ரூமாம்! ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்து தூங்கினார். குளிப்பதற்குக்கூட ஒரு அறை இருந்தது. இந்நேரம் அப்பா அந்தக் குளியலறைக்குள் தலையை நீட்டி, குழாயைத் திருகி, "சுடுதண்ணியா வருதுடா" என்று வெளியே வந்து அறிவித்திருப்பார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண் நிறைந்துவிட்டது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கலாம் என்று ஆத்திரமாக வந்தது.

நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அகலமான கைப்பிடி, மணல் நிறத் துணி, உட்கார்ந்தால் போனை நுழைத்து வைக்கப் பக்கவாட்டில் ஓட்டை. அவள் ஜன்னலோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அடியில் கையை விட்டாள்.

எதைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இருக்கைக்கு அடியில் கட்டும் கறுப்புத் துணியை எல்லோரும் ஆணியோ பின்னோ அடித்துத்தான் நிறுத்துவார்கள். அப்பா மட்டும் கையால் தைப்பார். "ஆணி அடிச்சா துரு ஏறும், ஒரு நாள் அது உக்காந்தவன் தொடையை விசாரிக்கும்" என்பார். மெழுகு தேய்த்த நூல். பின்பக்க மூலையில் இரட்டை முடிச்சு. முடிச்சுக்குப் பிறகு நூலை ஒட்ட வெட்ட மாட்டார், ஒரு விரற்கடை முனை விட்டு வைப்பார். நாளைக்கு ரிப்பேருக்குப் பிரிக்கிறவன் முனை தேடி அல்லாடக் கூடாதாம். கடையில் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? போகிற போக்கில் அந்த முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார்கள். "முனையில கை வைக்காதீங்கடா, பிரிஞ்சுடும்!" என்று அப்பா ஊசியோடு துரத்துவார்.

விரலில் வரிசையாகக் கம்பிப் பின்கள் தட்டுப்பட்டன. அவள் அடுத்த நாற்காலிக்கு மாறினாள். அதுவும் அப்படியே. இன்னொன்றுக்குப் போனாள். உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதைச் சிலர் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் வெட்கத்தை விட்டுத் தரையில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டாள்.

"என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?"

தட்டுகளைச் சேகரித்துக்கொண்டு வந்த அக்கா ஒருத்தி வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். இவள் சட்டென்று "ஆமாக்கா" என்று சொல்லிவிட்டாள். அந்த அக்கா "ஐயய்யோ, தங்கமா?" என்று வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தானும் மண்டியிட்டாள். பிஸ்கட்காரர்கூட எழுந்து வந்து போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தார். மூன்று பேர் தரையில் தவழ்ந்தார்கள். சிறிது நேரம் கழித்து அந்த அக்கா நிமிர்ந்து, இவள் முகத்தைப் பார்த்து, "ரெண்டு காதுலயும் இருக்கே" என்றாள்.

அவள் அசடு வழிந்தாள். பிஸ்கட்காரர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். பொய் சொல்லித் தப்பிக்க அவளுக்குத் தெம்பில்லை. "எங்கப்பா இங்க இருக்கற நாற்காலி எல்லாம் தான் தைச்சதுன்னு சொல்லுவார்க்கா. அதான் பார்த்தேன்."

"அவர் வரலையா?"

"நேத்து இறந்துட்டார். இதே பிளேன்லதான் கொண்டு போறோம்."

அந்த அக்கா நாற்காலியின் கையைத் துணியால் துடைத்தாள். அழுக்கே இல்லாத இடத்தைத்தான் துடைத்தாள்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டான். அவனும் சும்மா இருந்திருக்கவில்லை. எதிர்ப்பக்க மூலையில் ஒரு நாற்காலியை நைசாகச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான் என்பது அவன் முழங்கை தூசியிலேயே தெரிந்தது. "ஃபேக்டரி சரக்கு" என்றான். அவன் இப்போது அப்பாவின் கடையில் விற்பதும் ஃபேக்டரி சோபாதான். "பின் அடிச்சது. இப்போ வர்ற மாடல். இதையா அவர் தைச்சார்?"

ஜெயித்தவன் முகம் அப்படி இருக்காது. அவனும் உள்ளே வந்ததிலிருந்து எங்கேயாவது ஒரு தையல் தெரியாதா என்று தேடியிருக்கிறான். அவளுக்கு அண்ணன்மேல் பாவமாக இருந்தது.

"சரி" என்றாள். "மாமாவுக்குப் போன் போடு. நான் வாயைத் திறக்கலை."

அவன் போனை எடுத்தான்.

"இது எல்லாம் புதுசும்மா" என்றாள் அந்த அக்கா. "இடத்தையே புதுசாக்கினப்போ மாத்தினது. நான் வேலைக்குச் சேர்ந்தப்போ வேற நாற்காலி இருந்துச்சு. அதுல உக்காந்தா எந்திரிக்க மனசே வராது. ஆளுங்க அசந்து தூங்கிடுவாங்க. நாங்க போய் எழுப்பி எழுப்பி பிளேனுக்கு அனுப்பணும். ஒருத்தர் பிளேனையே விட்டுட்டு எங்ககிட்ட சண்டைக்கு வந்தார். அதனாலதான் மாத்திட்டாங்கன்னு நாங்க கிண்டல் பண்ணுவோம்."

அண்ணனின் கட்டைவிரல் போன்மேல் அப்படியே நின்றது.

"அந்தப் பழசை எல்லாம் என்ன பண்ணாங்கக்கா?" என்று அவள் கேட்டாள்.

"பாதி உடைஞ்சு போச்சு. நல்லா இருந்ததை ஆளுக்குக் கொஞ்சமா எடுத்துக்கிட்டாங்க. துணி நைஞ்சிருந்துச்சுன்னு மேல உறை போட்டுக்கிட்டாங்க. சரக்கு ஆபீஸ்லகூட ரெண்டு கிடக்கும் பாருங்க, சாம்பல் கலர் ரெக்ஸின்."

எங்கோ ஒரு ஸ்பூன் விழுந்தது. அந்த அக்கா பார்க்கப் போய்விட்டாள்.

அவளுக்குக் காலையில் இடுப்பு போய்ச் சாய்ந்தது ஞாபகம் வந்தது. பிறகு தன் விரல்கள். அவை என்ன செய்துகொண்டிருந்தன? பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணைப் பார்த்தாள், மாமாவின் குரலைக் கேட்டாள். விரல் அதுபாட்டுக்கு ஒரு முடிச்சை உருட்டிக்கொண்டிருந்தது. பின்பக்க மூலையில். ஒன்றா, இரண்டா? இப்போது ஓடிப்போய்ப் பார்க்க முடியாது. சோதனையைத் தாண்டி வெளியே போனால் விமானம் போய்விடும்.

"அண்ணா, காலைல நீ உக்காந்திருந்தியே..."

அவன் அவளைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தான். பழுப்பு நிற நூல். சுருண்டிருந்தாலும் விறைப்பாக இருந்தது. ஒரு பக்கத்தில் மழுங்கிப்போன இரட்டை முடிச்சு. அவன் அதை நகத்தால் கீறினான். நகத்தில் மெழுகு ஒட்டியது.

"இழுத்துட்டேன்" என்றான் அண்ணன். குரல் பத்து வயதுப் பையன் குரல் மாதிரி இருந்தது. "தெரியாம இழுத்துட்டேன். முழுசா கையோட வந்துடுச்சு."

அவள் அவன் உள்ளங்கையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டாள்.

"அடித்துணி தொங்கிட்டிருக்கும் இப்போ" என்றான்.

அவர்களுடைய விமானத்தின் எண்ணைச் சொல்லி அறிவிப்பு வந்தது. அண்ணன் பக்கத்தில் இருந்த ஃபேக்டரி நாற்காலியில் உட்கார்ந்தான், உடனே எழுந்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"மாமா... நான்தான். அந்த ஆள் இன்னும் நிக்கிறானா? அம்மா பக்கத்துலயே வெட்டச் சொல்லுங்க." மறுமுனையில் மாமா ஏதோ கேட்டார். "இல்ல மாமா, அவ ஒண்ணும் சொல்லலை. நான்தான் சொல்றேன். வேலையாத்தான் போயிருந்தார் மாமா. வேலையாத்தான்..." அவள் போனை வாங்கி, "வெச்சிடறேன் மாமா, பிளேனுக்குக் கூப்பிட்டுட்டாங்க" என்றாள்.

வெளியே போகும்போது அந்த அக்கா ஒரு காகிதப் பையில் இரண்டு ரொட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். எடுத்துப் போகக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

விமானத்துக்கு அழைத்துப்போகும் பஸ்ஸில் இருவரும் ஜன்னலோரம் நின்றார்கள். தூரத்தில் ஒரு வண்டி பெட்டியைக் கொண்டுபோய் விமானத்தின் வயிற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தியது. நகரும் பட்டையில் அது மெதுவாக ஏறியது. எப்படி ஏற்றுகிறார்கள், எங்கே கட்டுகிறார்கள் என்று அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை, ஆனாலும் பார்த்தாள். பெட்டி உள்ளே போனதும் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தோள்பையின் பட்டையில் தையல் விட்டுப்போயிருந்த இடத்தில் அந்த நூலைக் கோத்து ஒரு முடிச்சுப் போட்டான். அதன் மேலேயே இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான். மிச்சத்தைக் கடித்து எறிய வாய்க்குக் கொண்டுபோனவன், கொஞ்சம் நிறுத்தி, ஒரு விரற்கடை முனையை அப்படியே விட்டான்.